எழுபதுக்கு அடுத்த வளைவு

கொல்லிமலைக்குக் காரில் வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே வருவார்கள். காரவள்ளியில் ஒன்று என்று ஆரம்பித்து, பலகை பலகையாகப் படித்து, எழுபது என்ற பலகையைக் கண்டதும் கைதட்டுவார்கள். சிலர் இறங்கிப் பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிந்தாயிற்று, இனிமேல் என்ன இருக்கிறது என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியில் காலை அழுத்துவார்கள். அப்படி அழுத்துகிறவர்களுக்காகவே கொஞ்ச தூரத்தில் இன்னொரு வளைவு இருக்கிறது. அதற்கு எண் கிடையாது, பலகை கிடையாது. கொண்டை ஊசி என்று சொல்லும் அளவுக்கு அது வளையவும் இல்லை, அதனால் கணக்கில் சேரவில்லை. அதற்குப் பத்தடி கீழே மாதம்மாளின் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி போட்ட நிலம், இருக்கிறது.

மாதம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த மலையிலேயே குண்டூர் நாட்டில் பிறந்து தேவனூர் நாட்டில் வாக்கப்பட்டவள். ஒன்றரை ஏக்கர் காடு, ஏழு ஆடு, மாட்டுத் தரகு பார்க்கிற சின்னுசாமி என்ற புருஷன், இவ்வளவுதான் அவள் சொத்து. காரில் அவள் ஏறியதே இல்லை. பஸ்ஸில் ஏறினாலே மூன்றாவது வளைவில் குமட்டும் என்பதால், வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மலையை விட்டு இறங்குவதும் இல்லை. ஆனால் வேகக் கார் ஒன்று பள்ளத்தில் இறங்கிவிட்டால் முதல் பத்து நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்வதற்கு அவளை விட்டால் இந்த மலையில் ஆள் கிடையாது.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க சாமி" என்பதுதான் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. உள்ளே இருக்கிற ஆளுக்குக் கை கால் அசைகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அசைந்தால் இதைச் சொல்வாள். "அடியில ஆயிலு சொட்டுது பாருங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணி இன்ஜினு பிடிச்சுக்கிச்சுன்னா, இடிச்சதுக்குத்தான் இன்சூரன்ஸு, ஓட்டிக் கெடுத்ததுக்கு இல்லீம்பாங்க." பிறகு நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்வாள். உடைந்த துண்டை நகர்த்தாமல் எடுக்கச் சொல்வாள். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் பார்ப்பதற்கு முன்னால் பட்டறையில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள் என்பாள். தாழ்ந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் அடிவயிறு கிழிந்துவிடும், படுக்கை லாரியில்தான் ஏற்ற வேண்டும், அந்த லாரி எழுபது வளைவில் திரும்பாது, முள்ளுக்குறிச்சி ரோட்டு வழியாக வரச் சொல்லுங்கள் என்பாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் கொடுப்பாள். ரத்தம் வந்திருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும்.

இதையெல்லாம் அவள் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு வண்டி அவள் காட்டில் இறங்கியிருக்கிறது. அநேகமாக எல்லாமே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள். இறங்கியவர்கள் மெக்கானிக்குக்கும் கம்பெனிக்கும் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பதறுவார்கள். மாதம்மாள் பக்கத்தில் சொம்போடு நின்றுகொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டுத் தேறிவிட்டாள்.

வண்டிகள் இறங்குகிற விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரோட்டை விட்டுப் பறந்து, குச்சிக்கிழங்குச் செடிகளைப் படுக்க வைத்துக்கொண்டே வந்து, வேகம் பாதியானதும் பலா மரத்தில் முட்டி நிற்கும். மாமனார் வைத்த பலா அது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம், அதைச் சுற்றி மிளகுக்கொடி. மரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் உயரம் இறக்கம். இறக்கத்தின் கீழே மாதம்மாளின் வீடு. அவள் சோறாக்குகிற இடத்தின் ஓட்டுக்கூரை சரியாக அந்த மரத்துக்கு நேரே கீழே இருந்தது. ஆக, எழுபது வளைவு தாண்டி வருகிற வேகக் காருக்கும் மாதம்மாளின் அடுப்புக்கும் நடுவில் இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு மரம்தான்.

முதலில் இறங்கியது சிவப்பு வண்டி. அதன் சொந்தக்காரர் தண்ணீர் குடித்ததும் மாதம்மாளைக் கும்பிட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. அடிபட்ட வண்டின்னு பேர் ஆயிட்டா, விக்கும்போது பாதி விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். இந்தப் பேச்சை வேறு யாராவது கேட்டிருந்தால் இது என்ன வம்பு என்று யோசித்திருப்பார்கள். மாதம்மாளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நுகத்தடியில் ஒரு தடவை படுத்த மாடு என்ற பேர் வந்துவிட்டால் அந்த மாடு சந்தையில் என்ன விலை போகும் என்பது தரகன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? மாட்டுக்குச் சுழி இருக்கிறது, நொண்டியது, படுத்தது என்று தானாகப் போய் நாலு பேரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்ட பாவம். ஆனால் வாங்குகிறவன் முகத்துக்கு நேராக நின்று, "இது படுத்த மாடா?" என்று கேட்டுவிட்டால் மறைக்கவும் கூடாது. சின்னுசாமி முப்பது வருஷமாக இந்த இரண்டையும் வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறான். அவனிடம் மாடு வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

"நாங்களாப் போயிச் சொல்ல மாட்டோமுங்க சாமி" என்றாள் மாதம்மாள். சிவப்பு வண்டிக்காரர் கண் கலங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த பத்துப் பேருக்கும் இதே பதில்தான். அவர்களில் சிலர் கம்பெனிக்கு எழுதவே இல்லை. வருஷா வருஷம் கிளெய்ம் போடாமல் சேர்த்துவைத்த தள்ளுபடி போய்விடுமாம். சிலர் எழுதினார்கள், ஆனால் வண்டி தன் வீட்டு கேட்டில் இடித்துக்கொண்டது என்று எழுதினார்கள். ரேடியேட்டரில் குச்சிக்கிழங்கு இலை எப்படி வந்தது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. ஸ்டேஷன் பக்கம் ஒருத்தர்கூடப் போகவில்லை. உடைந்த பம்பரை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். மாதம்மாள் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. சிவப்பு பம்பரைக் கவிழ்த்துப் போட்டு ஆடுகளுக்குத் தீவனத் தொட்டியாக்கினாள். முன்பக்கத்து நம்பர் பிளேட்டுகளை ஆட்டுப்பட்டியின் கதவில் வரிசையாக ஆணி அடித்தாள். மழைச் சாரல் உள்ளே அடிக்காது.

மரம்தான் பாவம். ஒவ்வொரு தடவையும் பட்டை போகும், பால் வடியும், அந்த வருஷம் காய்ப்புக் குறையும். மாதம்மாள் சாணியும் மண்ணும் குழைத்து அப்புவாள். ஏழாவது வண்டிக்குப் பிறகு அவளுக்குப் பயம் வந்துவிட்டது. வளைவில் ஒரு சுவர் கட்டிக் கொடுங்கள் என்று மனு எழுதி வாங்கிக்கொண்டு ரோட்டு ஆபீசுக்குப் போனாள். மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் ஒரே பேச்சுதான்.

"எத்தனையாவது கொண்டை ஊசிம்மா?"

"எழுபது முடிஞ்சு அடுத்ததுங்க."

"எழுபதோட முடிஞ்சிருதேம்மா."

"வண்டிக்காரங்களும் அப்பிடித்தானுங்க நெனச்சுக்கறாங்க."

"அந்த இடத்துல விபத்துன்னு ஸ்டேஷன்ல ஏதாவது பதிவாகியிருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம்? ஒண்ணுமே நடக்காத இடத்துல எப்படிச் சுவர் கட்டறது?"

எத்தனை வண்டி விழுந்தது என்று அந்த அதிகாரி கேட்கவில்லை. கேட்காததை மாதம்மாள் சொல்லவில்லை. காகிதப்படி பார்த்தால் மலைக்கு வருகிற ரோட்டிலேயே அதைவிடப் பத்திரமான வளைவு கிடையாது.

பன்னிரண்டாவது வண்டி பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எலுமிச்சம்பழ மஞ்சள் நிறம். மாதம்மாள் காட்டோரம் களை பறித்துக்கொண்டிருந்தாள். மேலே உறுமல் கேட்டதுமே எழுந்து ஒதுங்கி நின்றுகொண்டாள், பழக்கம். வண்டி பறந்து, இறங்கி, செடிகளைப் படுக்க வைத்து, பலாவில் முட்டியது. ஆனால் இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஏதோ முறிந்த சத்தம்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கியவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் விஷ்ணு, கோயமுத்தூர்க்காரன். இறங்கியதும் மாதம்மாள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா?"

மாதம்மாளுக்குச் சொல்ல வந்தது மறந்துபோய்விட்டது. பதினோரு பேரில் ஒருத்தர்கூட மரத்தைக் கேட்டதில்லை. மிதிபட்ட செடிக்கு என்று நூறு இருநூறு கொடுத்தவர்கள் உண்டு. மரம் என்ற ஒன்று அங்கே நிற்கிறது என்பதே அவர்கள் கண்ணில் பட்டதில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று.

அவன் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். பம்புசெட்டு உதிரிபாகம் செய்கிற சின்ன கம்பெனி வைத்திருக்கிறான். நாலு மாதமாக ஆர்டர் இல்லை. பதினெட்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்காக இந்த வண்டியை விற்கப்போகிறான். பெங்களூரில் ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார், அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்வார். "விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மேல வந்துட்டுப் போயிரலாம்னு ஆசைப்பட்டேன்க்கா" என்றான். "எழுபதும் நல்லாத்தான் திருப்பினேன்."

"எல்லாரும் எழுபதும் நல்லாத்தானுங்க திருப்பறாங்க."

"கிளெய்மும் போட முடியாது. இன்ஜின் கம்ப்யூட்டர்ல கைவெச்சு வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லலை. இப்ப எழுதினா அதைத் தோண்டி எடுத்துப் பணம் கிடையாதும்பாங்க. அடிபட்ட வண்டிங்கற பேரு மட்டும் மிச்சமாகும்."

மாதம்மாள் வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். "அப்ப எழுதாதீங்க" என்றாள். "வெளிப் பட்டறையிலயே பாத்துக்கங்க. ஆனா வாங்கறவங்க பெயின்ட்டு கனம் பாக்கற மெஷினு வெச்சிருப்பாங்க சாமி. தகரத்துல பட்டி பூசித் தேய்ச்சீங்கன்னா அது காட்டிக் குடுத்துரும். உங்குளுக்குத் தகரத்துல அடி இல்ல, பானெட்டு தப்பிச்சிருச்சு. பம்பரு பிளாஸ்டிக்கு, அதை முழுசாப் புதுசு மாட்டிருங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

விஷ்ணு சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். "நீங்க என்னக்கா வேலை பாக்கறீங்க?"

"குச்சிக்கிழங்கு போட்டிருக்கறமுங்க."

படுக்கை லாரி முள்ளுக்குறிச்சி வழியாக வந்து வண்டியை ஏற்றிக்கொண்டது. கிளம்பும்போது விஷ்ணு, "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றான். "நாங்களாப் போயிச் சொல்ல மாட்டோமுங்க சாமி" என்றாள் மாதம்மாள். மஞ்சள் பம்பரும் நம்பர் பிளேட்டும் காட்டில் கிடந்தன. பிளேட்டில் மூன்று பூஜ்யமும் ஒரு ஒன்பதும் இருந்தது. காசு கட்டி வாங்கிய நம்பராம். கடைசியில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் அந்தப் பையனுக்குக் கட்டுபடியாயிற்று போலும் என்று அதற்கும் சேர்த்து இரக்கப்பட்டாள். வண்டி கைமாறும் வரைக்கும் யார் கண்ணிலும் படவேண்டாம் என்று பிளேட்டைச் சாமை மூட்டைக்கு அடியில் வைத்தாள். பம்பரை வைக்கோல் போரில் செருகினாள்.

மரம் அன்றிலிருந்து சாய ஆரம்பித்தது. மேட்டுப் பக்கத்து வேர் ஒன்று முறிந்திருந்தது. சின்னுசாமி ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிளையிலிருந்து தொங்கவிட்டு, கல் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தான். காலையில் எழுந்ததும் கல் குச்சியைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பான். ஒரு மழைக்கு ஒரு விரற்கடை போயிற்று.

"இன்னொரு வண்டி வந்துச்சுன்னா மரம் நேரா அடுப்பு மேலதான் புள்ள" என்றான்.

"மரத்தோட நிக்குமா? வண்டியும்தான் கூட வரும்."

மாதம்மாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். சனிக்கிழமைச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். சொந்த வீட்டில் சொந்த அடுப்புக்கு முன்னால் உட்காரப் பயந்துகொண்டு ஒருத்தி எத்தனை நாள் இருக்க முடியும்? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வைகாசியில் ரோட்டு ஆபீசுக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்தாள். ரோஸ்லின் என்று பெயர், நாகர்கோவில் பக்கத்துப் பெண். பழைய மனுக்களைப் படித்துப் பார்க்கிற விநோதப் பழக்கம் அவளுக்கு இருந்தது. மாதம்மாளின் மூன்று மனுவையும் ஒன்றாக வைத்துப் படித்துவிட்டு, ஒரு நாள் ஸ்கூட்டரில் நேராக வந்துவிட்டாள். வளைவில் நின்று பார்த்தாள். கீழே இறங்கி மரத்தைப் பார்த்தாள், தொங்குகிற கல்லைப் பார்த்தாள். பிறகு ஆடுகள் தீவனம் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என்னதும்மா?"

"ஆட்டுத் தொட்டிங்க மேடம்."

"ஆட்டுத் தொட்டி ஆறதுக்கு முன்னால?"

மாதம்மாள் தொட்டியில் தவிட்டைக் கிளறிவிட்டாள். ரோஸ்லின் பட்டிக் கதவைப் பார்த்தாள். கதவு முழுக்க நம்பர்கள். அவள் திரும்பி மாதம்மாளின் முகத்துக்கு நேராக நின்றாள். "அம்மா, இங்க எத்தனை வண்டி விழுந்திருக்கு?"

பன்னிரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மாதம்மாள் சின்னுசாமியைப் பார்த்தாள். அவன் மாட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டே, "கேட்டுட்டாங்கல்ல" என்றான்.

மாதம்மாள் கதவைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். இது சிவப்பு, இது வெள்ளை, இது ஆடி பதினெட்டுக்கு முந்தின வாரம். ரோஸ்லின் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுப் பேனாவால் நெற்றியைத் தட்டினாள். "கடைசி மூணு வருஷத்துக் கணக்குத்தான் மேல எடுபடும். அதுல நாலுதான் வருது. அஞ்சு இருந்தா நான் தைரியமா எழுதுவேன். ஸ்டேஷன்ல சொல்லி வண்டிக்காரங்களை விசாரிச்சுப் பதிவு போட வெச்சு, சுவருக்கு அனுமதி வாங்கிருவேன். நாலுன்னா திருப்பி அனுப்பிருவாங்க." சொல்லிவிட்டு நோட்டை மூடினாள். மூடியவள் மறுபடியும் கேட்டாள். "இவ்வளவுதானாம்மா?"

அந்த நேரத்தில் மாதம்மாள் தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டாள். தாலுகா முழுக்கச் சுற்றிச் சுவர் கேட்டுவிட்டு, அந்தச் சுவருக்கு வேண்டிய கல்லையெல்லாம் பன்னிரண்டு வருஷமாகத் தானே ஒளித்து வைத்துக் காவல் காத்திருக்கிறாள். இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் விஷ்ணு பிழைப்பான், பதினெட்டு பேர் சம்பளம் பிழைக்கும். இன்னொன்று இருக்கிறது என்றால் அடுப்பு பிழைக்கும். மரத்தை விசாரித்த ஒரே பையன். அவனைத்தானா காட்டிக் கொடுக்க வேண்டும்? மற்ற பதினோரு பேரில் எவனாவது இந்தப் பங்குனியில் வந்து விழுந்திருக்கக் கூடாதா?

ஆனால் கேட்டது முகத்துக்கு நேராக. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்ச் சாமை மூட்டையை நகர்த்தி, மூன்று பூஜ்யமும் ஒன்பதும் போட்ட பிளேட்டை எடுத்துக்கொண்டு வந்து ரோஸ்லின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அழறீங்க?"

"நல்ல பையனுங்க மேடம்" என்றாள் மாதம்மாள்.

ஒன்றரை மாதம் கழித்து விஷ்ணு போன் செய்தான். அன்றைக்கு லாரிக்காரனுக்கு வழி சொல்ல அவள் போனிலிருந்துதான் பேசியிருந்தான், நம்பரை வைத்திருந்தான். போலீஸ் விசாரணை வந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்து, அவர்கள் வண்டியைப் பார்த்து, இன்ஜின் கம்ப்யூட்டர் விஷயமும் வெளியே வந்துவிட்டது. பட்டறையில் புது பம்பர் வரக் காத்திருந்ததில் விற்பனை தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததாம். அடிபட்ட விஷயம் தெரிந்ததும் பெங்களூர்க்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு பழைய கார் வியாபாரி அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டானாம். பதினெட்டு பேரில் பத்துப் பேருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடிந்தது.

"கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்க சாமி. மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டாங்க."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாமுங்க."

மாதம்மாள் அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலை.

"மரம் எப்படிக்கா இருக்கு?" என்றான் விஷ்ணு.

"நிக்குது சாமி" என்றாள்.

ஐப்பசியில் சுவர் வந்தது. இடுப்பு உயரம், ஒரு முழம் கனம், கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை. பக்கத்தில் 'விபத்துப் பகுதி' என்று பலகை நட்டார்கள். எழுபத்தொன்று என்று எண் போட ரோஸ்லின் கேட்டுப் பார்த்தாளாம். எழுபது என்றுதான் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும், மாற்ற முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்களாம். மாதம்மாளுக்கு எண்ணைப் பற்றிக் கவலையில்லை. பலாவுக்கு மூன்று கருங்கல் முட்டுக் கொடுத்தார்கள். கல் கட்டிய கயிறு குச்சியைத் தாண்டுவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மறுபடியும் அடுப்பு மூட்டினாள். போரில் இருந்த மஞ்சள் பம்பரை எடுத்து, ஓட்டையாகிவிட்ட சிவப்புத் தொட்டிக்குப் பதிலாகப் போட்டாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு. கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது மேலே உறுமல் கேட்டது. கையில் துடுப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிரேக் கதறியது, டமார் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. ஓடு அசையவில்லை. ஒரு பலா இலைகூடக் கூரையில் விழவில்லை. மாதம்மாள் களியை இறக்கி வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

கறுப்பு வண்டி. மூக்கை நசுக்கிக்கொண்டு சுவரில் நின்றது. சுவருக்கு ஒரு கீறல். வண்டிக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், கை கால் நன்றாக இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க சாமி" என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டு இறங்கினார். "வாங்கி மூணு மாசம்தாங்க ஆச்சு" என்றார் அழுகிற குரலில். "ஒரு கீறல்கூட விழாத வண்டின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. நம்பருக்காகவே எடுத்தேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க, பின்னாடி விக்கணும்."

"நாங்களாப் போயிச் சொல்ல மாட்டோமுங்க."

சொல்லிக்கொண்டே கீழே குனிந்து, கழன்று கிடந்த நம்பர் பிளேட்டை எடுத்தாள். மூன்று பூஜ்யம், ஒரு ஒன்பது. மாதம்மாள் வண்டியை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு நசுங்கிய இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர் உரிந்து தொங்கியது. அதற்குள்ளே எலுமிச்சம்பழ மஞ்சள்.

வண்டிக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். உரிந்த ஸ்டிக்கரை விரலால் இன்னும் கொஞ்சம் கிழித்தார். மஞ்சள் அதிகமானது. அவர் நிமிர்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் கீழே பார்த்தார். பலா மரத்தடியில் ஏழு ஆடுகள் வரிசையாக நின்று, அதே மஞ்சளில், அதே வளைவோடு இருந்த ஒரு தொட்டியில் தவிடு தின்றுகொண்டிருந்தன. அவர் வண்டியின் மூக்கைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

பிறகு மாதம்மாளிடம் வந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றார்.

"ஏங்க, இந்த வண்டி இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கா?"

மாதம்மாள் சொம்பை நீட்டினாள்.

"உக்காருங்க சாமி. முதல்ல தண்ணி குடிங்க."